கூட்டத்துக்கு ஐந்நூறு

எதிர்சேவை அன்று இரவு பத்தே முக்காலுக்கு
செல்லூர் வீட்டில் கழிவறை
வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது.

வீட்டில் பதினோரு பேர்.
மானாமதுரைக் கொழுந்தியாள் குடும்பம்,
மேலூர்ச் சித்தப்பா, சர்க்கரை வியாதியோடு.
வேணி சேலையைத் தூக்கிச் செருகி
கோணிச்சாக்கால் அணை கட்டினாள்.
வைகையில் தண்ணீர் திறந்துவிட்ட நாள்.
எங்களுக்கு வேறு தண்ணீர் வந்தது.

ஏழு நம்பருக்கு அடித்தேன்.
ஒருவர் மண்டகப்படியில் இருந்தார்,
ஒருவர் போனில் உறுமிச் சத்தம் மட்டும் கேட்டது.
எட்டாவது, எதிர்வீட்டுக் கேட்டில்
யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர்:
அடைப்பா? 24 மணி நேரமும்.
வர்றேன் என்றது குரல்.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
அந்த நேரத்தில் யார் கேட்பார்.

சேசுராஜ் வரும்போது பன்னிரண்டரை.
வண்டியை எங்கோ செருகிவிட்டு
கம்பிச்சுருள் மிஷினைத் தோளில் சுமந்து
தோப்பறைத் தண்ணீரில் பாதிச் சட்டை நனைந்து
நின்றான்.

பத்தொன்பது நிமிடம்.
நான் வேலையைப் பார்க்கவில்லை,
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குழாய் ஒரு ஏப்பம் விட்டது.
எல்லோரையும் தள்ளிக்கொண்டு
சித்தப்பா முதலில் போனார்.

பிறகு டைரித்தாளைக் கிழித்து எழுதினான்:

வந்த கூலி 800
மிஷின் 2500
ராத்திரி 1000
கையுறை, ஆசிட் 700
கூட்டம் 500
ஆக 5500

கூட்டமா?
"அழகர் வர்றாருல்லண்ணே."
அழகர் வர்றதுக்கு நான் காசு குடுக்கணுமா?
"நீந்தி வந்தது நானில்ல?"

போனில் வகுத்துக் காட்டினேன்.
நிமிஷத்துக்கு இருநூற்றி எண்பத்தொன்பது ரூபாய்,
சில்லறையை விட்டுவிட்டாலும்.
அவன் கம்பியைச் சுருட்டிக்கொண்டே
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:
"ரேட்டு நான் போடறதில்லண்ணே."

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருஷமாக மீட்டர் பெட்டிகளின் முன் நின்று
நான் சொல்வது.
நரிமேட்டில், மீனாம்பாள்புரத்தில்,
வெள்ளை அட்டையோடு நிற்கும் பெண்களிடம்
இப்படித்தான், முகத்தைப் பார்க்காமல்.
ஒருத்தி, தொங்கும் ஒற்றை பல்பைக் காட்டி
"இதுவா இம்புட்டையும் தின்னுச்சு?" என்றாள்.
ரீடிங் பொய் சொல்லாதும்மா என்றுவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஆனாலும் ஐயாயிரத்து ஐந்நூறு அதிகம்தான்.
புத்தி வந்துவிட்டது என்பதற்காக
பணத்தை எண்ணிக் கொடுத்துவிட முடியாது.

வேணி காபியோடு வந்தாள்.
"கையுறை எங்க தம்பி?"
அவன் தன் கையைப் பார்த்தான்.
வரும்போதே இல்லை.
எழுநூறை அவனே அடித்தான்,
கொஞ்சம் யோசித்து
பக்கத்தில் இருநூறு என்று எழுதினான், ஆசிட்டுக்கு.

கூட்டத்தையும் அடி என்றேன்.
"அத மட்டும் அடிக்க மாட்டேண்ணே.
மிச்சமெல்லாம் ஓனருது.
இது ஒண்ணுதான் எனக்கு."

ராத்திரி?
"ராத்திரியும் ஓனருதுதான்."

ஓனருக்குப் போன் போட்டேன். விழித்திருந்தார்.
மின்வாரியம் என்று சொன்னதும்
மிஷினில் ஐந்நூறும் ராத்திரியில் இருநூறும்
தானாகக் குறைந்தன.
அதைச் சொல்லியிருக்க வேண்டாம்தான்.
சொல்லிவிட்டேன்.

அவருக்கு மூவாயிரத்து எண்ணூறை
போனிலேயே அனுப்பினேன்.
கூட்டத்தை மட்டும்
கையில் கொடுத்தேன்.

வாசல் குழாயில் மூன்று முறை சோப்புப் போட்டான்.
ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தான்.
"அழகர் இப்ப எங்கண்ணே இருப்பாரு?"
தல்லாகுளம் தாண்டியிருக்க மாட்டார் என்றேன்.
"ஐயையோ, வண்டி அங்கதான நிக்குது."

மிஷினைத் தோளில் ஏற்றிக்கொண்டு
தெருமுனை வெளிச்சத்துக்குள் இறங்கினான்.
திரும்பிப் போகிற கூட்டத்தை
அவன் பில்லில் எழுதவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.